கால் ஊன்றியவர்

ஐப்பசி மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. இரவு முழுவதும் பெய்த மழை விடியுமுன் ஓய்ந்திருந்தது. மேம்பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தை என் முன்சக்கரம் தொட்டபோது மணி ஏழு பத்து. குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்ததால் தெரியும். குனிந்தது கடிகாரத்துக்காக இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்ப்பவள்போல இடது பாதத்தைப் பார்த்தேன். பெடலின் மேல்தான் இருந்தது. இருக்கிறது என்று கண் சொன்னது. பாதம் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வாரமாக அது ஒன்றும் சொல்வதில்லை. முதலில் சுண்டுவிரல், பிறகு அதை அடுத்த இரண்டு விரல்கள், பிறகு உள்ளங்காலின் வெளியோரம் என்று, நன்றாகப் படிக்கும் மாணவி பாடங்களை முடித்துக்கொண்டு வருவதுபோல, வரிசை பிசகாமல் மரத்துக்கொண்டு வந்திருக்கிறது. உடன் வரும் எட்டுப் பேரில் ஒருவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. சொல்வதற்கு இவர்கள் என்ன மனிதர்கள்? பாளையங்கோட்டை மூத்தோர் மிதிவண்டிக் கழகம். சேர்வதற்கு அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும். வேறெதுவும் நிறைந்திருக்க வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் ஐந்தே முக்காலுக்குக் கூடி, கிருஷ்ணாபுரம் வரை போய், கோயில் வாசலில் கட்டைவிரலை உயர்த்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு (உள்ளே ஒருவரும் போவதில்லை, அங்கே கல்லில் நிற்கும் உருவங்களைப் பார்த்தால் இவர்களைவிட அவற்றுக்கு மூச்சு அதிகம் என்று தெரிந்துவிடும்), திரும்பி வந்து, கரைத்ததைப்போல் இரண்டு மடங்கை நெய்ப்பொங்கலாக ஏற்றிக்கொள்ளும் கூட்டம். போகும் வழியெல்லாம் இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒப்பித்துக்கொண்டு போவார்கள். "வெறும் வயித்துல தொண்ணூத்தெட்டு, அண்ணாச்சி!" "எனக்குத் தொண்ணூத்தி நாலுல்லா!" அரையாண்டுத் தேர்வில் முதலிடம் வாங்கிய பையன்கள் இப்படித்தான் கத்துவார்கள். என் எண்களைப் பதினொரு ஆண்டுகளாக ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் பெண்களுக்கு வேதியியல் கற்பித்தவள் நான். எண்களை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரியும்.

எனக்கு முன்னால் பிரமு, அஞ்சலகத்திலிருந்து ஓய்வு பெற்றவள், என்னைவிட ஏழு வயது இளையவள், என்னை அக்கா என்று அழைக்கும் உரிமையை நான் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவள். அவளுக்கும் முன்னால், வரிசையின் தலையில், கழகச் செயலாளர் ஆவுடையப்பன்; மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்தவர்; மகன் அனுப்பிய இருபத்தோரு கியர் சைக்கிளில் இரண்டே கியர்களைப் பயன்படுத்துகிறவர்; பச்சைச் சட்டையின் முதுகில் 'வயது வெறும் எண்' என்று அச்சிட்டு எங்கள் எல்லோருக்கும் ஒன்று கொடுத்தவர். என் சட்டையால் ஜன்னல் துடைக்கிறேன். எண்ணைப் போய் வெறும் என்று சொல்ல இவருக்கு எப்படி மனம் வந்தது, மின்வாரியத்தில் இருந்துகொண்டு? ஆவுடையப்பனின் கண்டுபிடிப்புதான் மேம்பால விளையாட்டு. திரும்பி வரும்போது இந்த ஏற்றத்தில் யார் தாங்க முடியாமல் காலைத் தரையில் ஊன்றுகிறாரோ, அன்றைய சிற்றுண்டிச் செலவு அவருடையது. இது விளையாட்டாக இருந்தவரையில் கூச்சலாகவும் இருந்தது. அவர் ஊன்றினார், இல்லை இவர், நான் கண்ணால் பார்த்தேன், உனக்குக் கண்புரை என்று உணவகத்து வாசலில் அறுபது வயதுக்காரர்கள் சண்டையிட்டார்கள். அதை ஒழுங்குபடுத்தியவள் நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தேன்: கால் ஊன்றியவர் தாமே சொல்ல வேண்டும், பலகாரம் சொல்லுமுன் சொல்லிவிட வேண்டும், ஒருவரை இன்னொருவர் காட்டிக்கொடுத்தல் கூடாது, ஓராண்டில் மூன்று முறை ஊன்றியவர் கௌரவ உறுப்பினர் ஆவார். கௌரவ உறுப்பினர் என்றால் அவருக்கு ஒரு சால்வை. அதன்பின் அவர் ஓட்ட வேண்டாம், சிற்றுண்டிக்கு மட்டும் வரலாம். அந்தக் கடைசி விதி யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். ஞானமுத்து சார்வாளுக்காக. தலைமையாசிரியராக இருந்தவர், அன்றைக்கு எழுபத்தைந்து வயது. பாலத்தின் நடுவில் தள்ளாடி நின்று, பின்னால் வந்த பிரமுவைக் கீழே விழச் செய்தவர். அவளுக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு. தாளை வாங்கிப் படித்துவிட்டு, "மிஸ், தமிழ் ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லி முதல் கையெழுத்தை அவர்தான் போட்டார். நான்கே மாதத்தில் சால்வை. அதை வாங்கிக்கொண்டு சிரித்தார். இன்றும் ஞாயிறுதோறும் ஆட்டோவில் வந்து உணவகத்தின் கடைசி மேசையில் எங்களுக்கு முன்பே உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே சிரிக்கிறார். விலக்கப்பட்டது தெரியாமல் ஒரு மனிதர் மூன்று ஆண்டுகள் சிரிக்க முடியும் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவரைப் பார்க்கும்போதெல்லாம், ரஞ்சிதம், இந்த மேசையில் இப்படி ஒருநாளும் உட்காராதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இந்த ஆண்டு நான் இரண்டு முறை ஊன்றியிருக்கிறேன். ஆனியில் சங்கிலி கழன்றது. புரட்டாசியில் எதுவும் கழலவில்லை, பாதம் நழுவியது. இரண்டையும் நானே, கேட்பதற்கு முன்பே, தெளிவாகச் சொன்னேன். இன்றைக் கழித்தால் ஆண்டு முடிய இன்னும் ஒன்பது ஞாயிறுகள். ஒன்பது ஏற்றங்கள். ஜனவரியில் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். எது சுழியத்திலிருந்து தொடங்கும்? கால் தொடங்குமா? இந்த வகைக் கேள்விகளை ஏற்றத்தில் கேட்கக் கூடாது, மூச்சு வீண்.

பாலத்தின் இரு ஓரங்களிலும் வெள்ளைத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். யாரோ பிரமுகர் அன்று வருகிறார் போலும். மழை ஈரத்தில் தூள் குழம்பாகிக் கிடந்தது. "பிளீச்சிங் பவுடர் போட்டுருக்காவ, எல்லாரும் மூக்க மூடிக்கோங்க!" என்று முன்னாலிருந்து ஆவுடையப்பன் குரல் கொடுத்தார். மூக்கை மூடாமலிருந்தால்தானே தெரியும், அதில் குளோரின் வாசனையே இல்லை, அது வெறும் சுண்ணாம்பு என்று. சொல்லவில்லை. இவர்களைத் திருத்திக்கொண்டிருந்தால் ஏறி முடிக்க முடியாது. ஏற்றத்தில் என்னுடைய முறை எளிமையானது: வலது காலை எண்ணுவது, இடது காலை நம்புவது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வலது முழங்கால் மேலே வரும்போதெல்லாம் எண்ணுவேன், உச்சிக்கு எழுபத்தெட்டு. இடது பாதத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கைப்பிடி ஆடும். பார்க்காவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. பதினொன்று, பன்னிரண்டு. அம்மாவுக்கும் தெரியவில்லை. என் தங்கையின் திருமணத்தன்று மண்டபம் முழுவதும், பந்திக்கும் மணவறைக்கும் சமையற்கட்டுக்குமாக, காலையிலிருந்து மாலைவரை நடந்தாள். இரவு கால் கழுவ உட்கார்ந்தபோது உள்ளங்காலில் ஓர் அலங்கார ஊசி, வெள்ளித்தாள் தோரணத்தைக் குத்தி வைக்கும் வகை, தலைவரை உள்ளே இறங்கியிருந்தது. "இது எப்பம்மா குத்துச்சு?" என்றேன். அவள் ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வேறு யாருடைய காலையோ நான் அவளிடம் காட்டுவதைப்போலப் பார்த்தாள். பிறகு ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு இன்னொன்று. பிறகு அவள் எங்கும் நடக்கவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. எனக்குப் பின்னால் இரண்டு சைக்கிள் தூரத்தில் மைதீன் பாயின் சங்கிலி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் மருந்தாளுநராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசாதவர்களுக்கு ஆழம் உண்டு என்று நம்புகிறவள் அல்ல நான், பெரும்பாலும் அவர்களிடம் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் சங்கிலிக்கு எண்ணெய் போடத் தெரிந்தவர், கழகத்தில் அவர் ஒருவர்தான். நாற்பத்தாறு. அப்போது பிரமு முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் இடப்பக்கம் ஒடித்தாள். "ஐயோ, ஆடு!" ஆடு பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தது, நகரும் எண்ணம் அதற்கு இல்லை. நான் பிரேக்கை அழுத்தினேன். வண்டி ஓரத்துக்குச் சாய்ந்தது, வெள்ளைக் கோடு வேகமாக அருகில் வந்தது, இடது முழங்கால் ஒரு கணம் முழுதாக நிமிர்ந்தது, வண்டி நேரானது, பெடல் சுற்றியது, நாற்பத்தேழு. நாற்பத்தேழு என்று உரக்கவே சொன்னேன் என்று நினைக்கிறேன். நின்றுவிடவில்லை. அந்தக் கணத்தில் நான் பார்த்தது பிரமுவின் முதுகை. 'வயது வெறும் எண்' எனக்கு மிக அருகில் வந்து விலகியது. எழுபத்தொன்பதில் உச்சி. ஒன்று கூடுதலாக இருந்ததை அப்போதே குறித்துக்கொண்டேன். ஆட்டால் வந்த பிழை என்று அதற்கு விளக்கமும் எழுதினேன்.

இறக்கத்தில் காற்று முகத்தில் அடிக்கும்போது இந்த மனிதர்கள் எல்லோரும் சிறுவர்களாகிவிடுவார்கள். ஆவுடையப்பன் இரு கைகளையும் விட்டுவிட்டு ஓட்டுவதுபோல் பாசாங்கு செய்வார்; உண்மையில் விடமாட்டார், விரல் நுனிகள் கைப்பிடியில்தான் இருக்கும். நான் அந்த இறக்கத்தில் உண்மையாகவே மகிழ்ந்தேன், ஒத்துக்கொள்கிறேன். எட்டு ஞாயிறுகள் மீதி என்று தவறாக எண்ணி, பிறகு ஒன்பது என்று திருத்திக்கொண்டேன், திருத்தியது உறுத்தவில்லை. உணவகத்து வாசலில் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பன் கைதட்டினார். "சரி, சொல்லுங்க, இன்னைக்கு ஆரு ஊனுனது?" பிரமுவின் பக்கம் திரும்பினார். "ஏ பிரமு, நீயா தாயி? ஆட்டுக்குட்டியப் பாத்து நின்னுட்டியா?" "நான் ஏன் ஊனுதேன்? ஆட்டுக்கும் எனக்கும் நடுவுல ஒரு முழம் இருந்துச்சு, நான் பாட்டுக்க சுத்திட்டு வந்துட்டேன். அந்த ஆட்டுட்ட கேளுங்க." "அப்ப ஆடுதான் ஊனிருக்கு. நாலு காலு. நாலு வாரத்துக்கு அதுதான் காசு குடுக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். இதற்குச் சிரிக்கிறவர்களோடு நான் ஏழு ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். "மிஸ், நீங்க?" என்று அவர் கேட்டபோது, "நான் ஊன்றவில்லை" என்றேன், வகுப்பில் விடை சொல்வதைப்போல, வினைமுற்றோடு. அது உண்மை என்று எனக்குத் தெரிந்திருந்தது. சிறிது நேரம் கழித்து, வண்டியைப் பூட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், மைதீன் பாய் சொன்னார்: "நாந்தான் அண்ணாச்சி. நான் ஊனிட்டேன்." "அட, பாயா! சொல்லவே இல்ல! சரி, இன்னைக்கு எல்லாருக்கும் நெய் ரோஸ்ட்டு!" எனக்கு அவர்மேல் இகழ்ச்சி வந்தது. ஏற்றம் முழுவதும் அவர் சங்கிலியைக் கேட்டுக்கொண்டு வந்தவள் நான். அது ஓரிடத்திலும் நிற்கவில்லை. பொய். எதற்கு? தாராளம் காட்டுவதற்கு. காசு கொடுக்கும் இன்பத்துக்காக, ஊன்றாத காலை ஊன்றியதாகச் சொல்லும் மனிதர். கழகத்திலேயே ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒருவரும் இப்படித்தானா என்று எண்ணிக்கொண்டே கை கழுவப் போனேன்.

கை கழுவும் இடம் உணவகத்தின் பக்கச் சந்தில், திறந்தவெளியில், வரிசையாக மூன்று குழாய்கள். புடவை நனையாமலிருக்கக் கொசுவத்தைச் சற்று உயர்த்தினேன். இடது ஷூவின் முனையில் வெள்ளை. கறுப்புக் கான்வாஸ் ஷூ, அதனால் நன்றாகத் தெரிந்தது. வலது ஷூவைப் பார்த்தேன், சுத்தம். அப்போது எனக்குள் எழுந்தது பதற்றம் இல்லை, பழக்கம். மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து விலக்கினேன். சக்கரத்திலிருந்து தெறித்ததா? தெறித்தால் புள்ளிகளாக இருக்கும். இது அழுத்திய அச்சு, நடுவில் சாலை மணல் பதிந்திருந்தது, அடிப்பாகம் வரை போயிருந்தது. வண்டியை நிறுத்திய இடத்தில் மிதித்தேனா? அங்கே தூள் இல்லை. பாலத்துக்குப் பிறகு எங்கும் இறங்கவில்லை. குனிந்து விரலால் எடுத்துத் தேய்த்தேன்: வழுவழுப்பு, சுண்ணாம்பு. நாற்பத்தாறுக்கும் நாற்பத்தேழுக்கும் நடுவில். முழங்கால் நிமிர்ந்ததே, அது பெடலின் அடிப்புள்ளி என்று எண்ணினேனே, அது தரை. என் கால் தரையில் நின்றிருக்கிறது. ஒரு வினாடியோ இரண்டோ என் எடையைத் தாங்கி, உந்தி, என்னை அனுப்பி வைத்திருக்கிறது. அவ்வளவையும் எனக்குத் தெரிவிக்காமல் செய்திருக்கிறது. பின்னால் இரண்டு சைக்கிள் தூரத்தில் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். பார்த்தவர், நான் வினைமுற்றோடு பொய் சொன்னதையும் கேட்டிருக்கிறார். காட்டிக்கொடுத்தல் கூடாது என்று விதி இருக்கிறது, நானே எழுதியது. ஆகவே அவர் காட்டிக்கொடுக்கவில்லை, தம் தலையில் போட்டுக்கொண்டார். இரக்கம். ஒரு மருந்தாளுநரின் இரக்கம் என்மீது விழுந்திருக்கிறது, ஷூவின்மீது இந்தச் சுண்ணாம்பு விழுந்ததைப்போல, என் அனுமதி இல்லாமல். என் ஆய்வகத்தில் எத்தனை பெண்கள், பக்கத்து மேசையின் அளவீட்டைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "மிஸ், எனக்கும் இதேதான் வந்துச்சு" என்று நின்றிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களைக் குறுக்காகக் கிழித்து அவர்கள் கையிலேயே கொடுத்திருக்கிறேன். அழுவார்கள். அழட்டும் என்று விட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்களுக்குத் தெரியும், தாங்கள் எழுதியது பொய்யென்று; நான் சொன்னபோது எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னது பொய்யா? இல்லை. அப்போது இல்லை. இப்போது தெரியும், இன்னும் பலகாரம் சொல்லவில்லை, ஆகவே இந்தக் கணத்திலிருந்து பொய். குழாய் கை நீட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று வினாடி போதும். பாய் வாய் திறக்கமாட்டார், அவருடைய ஒரே தகுதி அதுதான். ஒன்பது ஞாயிறுகள், பிறகு ஜனவரி. குழாயைத் திறந்தேன். திறந்தது என் கைதான், அதில் உணர்வு இருந்தது, பித்தளையின் குளிர்ச்சி தெரிந்தது. இடது காலை அதன் அடியில் நீட்டினேன். வெள்ளை கரைந்து ஓடியது. தண்ணீர் ஷூவின் வாய் வழியாக உள்ளே இறங்கியது. நாடாத் துளைகள் வழியாக வெளியே வந்தது. மழைக்காலத்துக் குழாய்த் தண்ணீர், பல் கூசும் குளிர். கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. பிறகு யாருடைய காலையோ பார்ப்பதுபோல நான் பார்ப்பதையும் பார்த்தேன். அந்தப் பார்வையை இதற்கு முன் ஒருமுறை பார்த்திருக்கிறேன், திருமண மண்டபத்துக் கிணற்றடியில், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றபோது. குழாயை மூடினேன். ஷூவின் ஓரத்தில் பாதி வெள்ளை மீதமிருந்தது. அதை அப்படியே விட்டேன்.

உள்ளே இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். கடைசியில் ஞானமுத்து சார்வாள், காபி, சிரிப்பு. பரிமாறுபவர் நின்றுகொண்டிருந்தார்; ஆவுடையப்பன் விரல் மடக்கிக்கொண்டிருந்தார். "நெய் ரோஸ்ட்டு ஆறு, பொங்கல் ரெண்டு, சார்வாளுக்கு என்ன, இட்லியா?" "கொஞ்சம் நிறுத்துங்க," என்றேன். என் குரலில் வகுப்பறை இருந்திருக்க வேண்டும். பரிமாறுபவர்கூட எழுதுவதை நிறுத்தினார். "பாய் ஊன்றவில்லை. நான் ஊன்றினேன்." "என்ன மிஸ் சொல்லுதிய? பாய்தான் ஒத்துக்கிட்டாருல்லா?" "அவர் பொய் சொன்னார்." மைதீன் பாய் மேசையைப் பார்த்துக்கொண்டே, "நான் பொய் சொல்லுத ஆளா மிஸ்?" என்றார். "இன்னைக்குச் சொன்னீங்க. நல்லாவும் சொல்லலை. உங்க செயின் சத்தம் எனக்குக் கேட்டுச்சு." பிரமு வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, அப்ப மூணாவதுல்லா!" அவளால் எண்ண முடிகிறது என்பது அன்று தெரிந்தது. ஆவுடையப்பனின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு சங்கடம். "அட விடுங்க மிஸ். வெளயாட்டுக்கு வச்சது. நம்ம என்ன சட்டசபையா நடத்துதோம்? ஆடு குறுக்க வந்தா ஆருன்னாலும் ஊனத்தான் செய்வாவ. இத கணக்குல சேக்கக் கூடாது." "மூணு வருஷம் முன்னாடி இதே மேசையிலதான் சார்வாளுக்குச் சால்வை போட்டீங்க. அன்னைக்கு யாரும் விளையாட்டுன்னு சொல்லலை. நானும் சொல்லலை." பரிமாறுபவர், "ரோஸ்ட்டு ஆறா, ஏழா?" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார இருந்த ஒரே நாற்காலி மேசையின் கடைசியில், ஞானமுத்து சார்வாளுக்கு அருகில். நடந்து போய் உட்கார்ந்தேன். ஈர ஷூ ஒவ்வோர் அடிக்கும் சத்தமிட்டது, அதைக் காதால்தான் தெரிந்துகொண்டேன். அவர் டம்ளரிலிருந்து டவராவுக்குக் காபியை ஊற்றினார், மீண்டும் டம்ளருக்கு ஊற்றினார், பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "எந்தக் கால் மிஸ்?" என்றார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். "இடது," என்றேன். "எனக்கு வலது." என் ஷூவில் மிச்சமிருந்த வெள்ளையை அவர் பார்த்தார். "எவ்வளவு நாளா?" "ஆறு வாரம்." "நான் எட்டு மாசம் மூடி வச்சிருந்தேன். வீட்டுல கூடச் சொல்லல. பாலத்துல காலு எங்க இருக்குன்னு தேடுததுக்குள்ள வண்டி நின்னுரும். நீங்க சால்வை போட்டு எறக்கி விட்டிய பாத்தியளா, மறுநா நேரா டாக்டர்ட்ட போனேன். ரெண்டு வெரலோட நின்னுச்சு." அவர் மேசைக்கடியில் தம் வலது செருப்பைச் சற்று முன்னால் நீட்டினார். மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அந்தக் கால் அந்த மேசைக்கடியில் இருந்திருக்கிறது. நான் அவருடைய சிரிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், அதையும் தப்பாக. "சால்வைய வெள்ளத் துணியோட சேத்துத் தொவைக்காதிய மிஸ்," என்றார் அவர், மறுபடியும் சிரித்துக்கொண்டு. "சாயம் போவும்."

அன்றைய சிற்றுண்டி அறுநூற்று எண்பது ரூபாய். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே மைதீன் பாய் எழுந்து போய்க் கல்லாவில் அதைக் கொடுத்துவிட்டிருந்தார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டு வாசலில் முழுத் தொகையையும் நான் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. செவ்வாய் மாலை நரம்பு மருத்துவருக்கு ஐந்நூறு ரூபாய், நான். சால்வை நூற்று எண்பது. சனிக்கிழமை வாங்கியவர் ஆவுடையப்பன், கழகப் பணத்தில் இல்லாமல் சொந்தப் பணத்தில். ரசீது கேட்டேன், தொலைத்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு பாலத்தில் ஊன்றியவள் பிரமு. எல்லோருக்கும் அவள்தான் கொடுத்தாள், எழுநூற்றுப் பத்து. அன்று காலை ஏழு மணி இருபதுக்கு, சைக்கிள்கள் வருவதற்கு முன்பே உணவகத்து வாசலில் வந்து நின்ற ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்: ஞானமுத்து சார்வாள் நாற்பது, நான் நாற்பது, இறங்குவதற்கு முன்னதாகவே.